ரப்பர் தவளையை ஏரியில் போட்டுப் பார்த்தது

மலிவாக ஒன்றை வாங்கிவிட்டு, நன்றாகத்தான் இருக்கிறது என்று தனக்குத் தானே சொல்லிக்கொள்கிறவர்களை எனக்குப் பிடிக்காது. அதனால் அந்த ரப்பர் தவளை பார்சலில் வந்ததும் முதலில் மாட்டுத் தொட்டியில் போட்டுப் பார்த்தேன்.

விரால் பிடிப்பதற்கான தவளை அது. வயிற்றுக்குள் காற்று, முதுகோடு ஒட்டிப் படுத்த இரண்டு கொக்கிகள். மீன் கவ்வும்போது உடம்பு அமுங்கிக் கொக்கி வெளியே வரவேண்டும். அதுவரை செடியில் மாட்டக்கூடாது. இதன் ரப்பரோ செருப்பு மாதிரி கெட்டி. கட்டைவிரலால் அழுத்தினாலே உள்ளே போகவில்லை. ஒரு கொக்கி முதலிலேயே முதுகை விட்டுத் தூக்கிக்கொண்டிருந்தது. தண்ணீரில் போட்டால் பின்பக்கம் கனத்து நட்டுக்கொண்டு நின்றது.

என் தங்கை புருஷன் பக்கத்தில் நின்று சிரித்தான். "இன்னா மச்சான், உன் தவளைக்கு வாதமா? எழுந்து நின்னுகினு கீது?"

"நீயா கவ்வப்போற? விரால் கவ்வட்டும், வாய மூடு."

அவன் கேரளாவில் கான்கிரீட் வேலை செய்கிறவன். கோடை முழுக்க அங்கேதான் இருந்தான். என் தங்கைக்கு வயிற்றில் ஆபரேஷன் ஆனதால் வந்திருந்தான். புண் ஆற விரால் குழம்பு கொடுக்கச் சொல்லியிருந்தார்கள். மார்க்கெட்டில் கிடைக்கிறதே என்றால் கேட்கவில்லை. அது தீனி போட்டு வளர்த்த தொட்டி விரால், என் பொண்டாட்டிக்கு ஏரி விரால்தான் வேண்டும் என்று நின்றான்.

சங்கராபுரத்துக்கு மேற்கே எங்கள் ஊர். கல்வராயன் மலையில் நாலு நாள் மழை பிடித்தால் எங்கள் ஏரி நிறைந்துவிடும். இந்த வருடமும் நிறைந்தது. ஆனால் அது பழைய ஏரி இல்லை. கோடையில் வண்டல் எடுக்கிறோம் என்று வந்தார்கள். வண்டல் மேலே கொஞ்சம்தான். அதை வழித்துவிட்டு, அடியில் இருந்த கிராவலை ரோடு போடுகிற காண்ட்ராக்டருக்கு லாரி லாரியாக ஏற்றினார்கள். என் கொல்லை ஏரியை ஒட்டி இருக்கிறது. தினமும் பார்த்தேன், தினமும் கத்தினேன். நடு ஏரியில் எப்போதும் ஈரம், லாரி புதைந்துவிடும். அதனால் கரையை ஒட்டியே தோண்டினார்கள். சரிவே இல்லாமல், சுவர் மாதிரி செங்குத்தாக. மழை வந்து தண்ணீர் மூடியது. அதற்கு மேல் ஆகாயத்தாமரை மூடியது. பக்கத்துக் கொல்லைக்காரரின் கறவை மாடு தண்ணீர் குடிக்க இறங்கியது. ஊதி மேலே வந்த பிறகுதான் எங்கே போனது என்று தெரிந்தது.

இதை அவனிடம் சொன்னேன். உச்சுக் கொட்டினான், அவ்வளவுதான்.

காலை வெயில் ஏறுமுன் ஏரிக்குப் போனோம். காற்று இல்லை. செத்த மாட்டின் நாற்றம் இன்னும் போகவில்லை. கரையிலிருந்து கொஞ்ச தூரத்தில், தாமரைக்கு நடுவில் தெரிந்த தண்ணீரில், சிவப்பாக ஒரு கொத்து மேலே வந்து உள்ளே போனது. விரால் பார்ப்பு, குஞ்சுக் கூட்டம். குஞ்சுகள் மேய, தாயும் தகப்பனும் கீழே காவல் நிற்கும். பக்கத்தில் எது வந்தாலும் அடிக்கும், பசிக்காக அல்ல, கோபத்தில். குஞ்சோடு இருக்கிற விராலைப் பிடிக்க எனக்கு மனசு வராது.

"வேற எடம் பாக்கலாம் மாப்ள."

"உன் தங்கச்சி வவுறு ஆறணுமா, வேணாமா?" என்று தூண்டில் ராடை என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டான்.

நன்றாகத்தான் வீசினான். தவளை பார்ப்புக்கு அந்தப் பக்கம் விழுந்தது. இழுத்துக்கொண்டே வந்தபோது தண்ணீர் வெடித்தது. விரால் தவளையை மேலே தூக்கி எறிந்தது. கொக்கி ஏறவில்லை. மறுபடி வீசினான், மறுபடி அடித்தது, அப்போதும் ஏறவில்லை. ரப்பர் அமுங்கினால்தானே ஏறும்? அடுத்த வீச்சில் அந்தத் தூக்கிய கொக்கி தாமரை வேரில் மாட்டிக்கொண்டது. இழுத்தான். ராடு வளைந்தது, தவளை அசையவில்லை.

"நூல அறுத்துடு. போனாப் போவுது."

"மீன் கீழ நிக்குது, அறுக்கறதாம். பார்ப்பு மேயற எடம் இடுப்புத் தண்ணிதான் மச்சான். ஆடு ஓட்டிகினு இதுல குறுக்க நடந்தவன் நான்."

"நீ நடந்த ஏரி இல்ல இது. தோண்டிட்டானுங்கன்னு சொன்னனா, இல்லியா?"

"தோண்டுனா நடுவுல தோண்டுவானுங்க. கரையில எவனாவது தோண்டுவானா?"

"கரையிலதான்டா தோண்டுனானுங்க!"

"நீ எப்பவும் இப்படித்தான் கத்திகினே இரு." ராடை என்னிடம் கொடுத்தான். துண்டை உள்ளங்கையில் சுற்றி, அதன்மேல் நூலைச் சுற்றிக்கொண்டு இறங்கினான். முழங்கால், தொடை, இடுப்பு. திரும்பிப் பார்த்து, "பாத்தியா?" என்றான். அடுத்த அடி வைத்தான். ஆள் இல்லை.

சத்தம்கூட இல்லை. விலகின தாமரை மறுபடி சேர்ந்து மூடிக்கொண்டது. எனக்கு நீச்சல் தெரியாது. அவனுக்கும் தெரியாது. ராடைப் போட்டுவிட்டு நூலைப் பிடித்து இழுத்தேன். அது கத்தி மாதிரி கையை அறுத்தது. அந்தப் பக்கம் கொக்கி வேரைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. அவன் நடுவில், தண்ணீருக்குள். நான் சரிந்து உட்கார்ந்து, காலை மண்ணில் ஊன்றி இழுத்தேன். சட்டென்று அந்த முனை விட்டது. முதலில் துண்டு சுற்றிய கை வந்தது. பிறகு தலை.

கரையில் குப்புறப் போட்டேன். கறுப்பாகத் தண்ணீர் கக்கினான். நூல் துண்டையும் தாண்டி அவன் உள்ளங்கையைப் பிளந்திருந்தது. நூலின் முனையில் தவளை வந்திருந்தது. அந்தக் கொக்கி ஆணி மாதிரி நிமிர்ந்திருந்தது. நல்ல கொக்கியாக இருந்திருந்தால் வேரை விட்டிருக்காது. அவனும் வந்திருக்க மாட்டான். இதை அந்தத் தவளைக்குப் பெருமையாகச் சொல்லவில்லை. மீன் பிடிக்க அது உதவாது. வாங்காதீர்கள்.

தாலுகா அலுவலகத்தில் போய்க் குழிகளைப் பற்றிச் சொன்னேன். "ஏரியில இன்னாத்துக்கு எறங்குறீங்க?" என்று கேட்டார் நாற்காலியில் இருந்தவர். அவர் வீட்டு மாடு எங்கே தண்ணீர் குடிக்கிறதோ தெரியவில்லை. நான் பேசியதை இங்கே எழுத முடியாது. எழுந்து வெளியே போகச் சொன்னார்கள்.

கேரளாவுக்குத் திரும்புவதற்கு முன், கட்டுப் போட்ட கையோடு அவன் என் கொல்லைக்கு வந்தான். தோளில் மூங்கில் கழிகள். சிரிப்பு போயிருந்தது.

"குழி எங்கெங்க கீதுன்னு காட்டு மச்சான். நட்டுட்டுப் போறேன்."

அவன் முழுகின இடத்துக்கு முன்னால் ஒன்றை நட்டோம். அடுத்ததுக்கு நான் கை நீட்டினேன். தோ அங்கே என்றேன். இல்லை, இன்னும் இந்தப் பக்கம் என்றேன். கோடை முழுக்கப் பார்த்தவன் நான். ஆனால் லாரித் தடம் இல்லை, மேடு இல்லை. கண்ணுக்கு எட்டின வரை ஒரே பச்சை. அவன் கழியைப் பிடித்துக்கொண்டு என் முகத்தையே பார்த்தான்.

அப்போது எதிர்க்கரையில் ஒரு பெண் இரண்டு மாடுகளை ஓட்டிக்கொண்டு தண்ணீரை நோக்கி வந்தாள். இருவரும் சேர்ந்து கத்தினோம். காற்று எங்கள் பக்கமாக அடித்தது. அவள் நின்று பார்த்தாள், பதிலுக்குக் கையை ஆட்டினாள், மாடுகளுக்கு முன்னால் இறங்கினாள்.