தண்ணீர்மலையில் காயாத துணி

தண்ணீர்மலை என்று ஓர் இடம் இருப்பதைக் கேட்ட மாத்திரத்திலேயே, பினாங்குக்கு எனக்கு முன்பே வேலைக்குப் போயிருந்த என் வீட்டுக்காரர் அங்கே வீடு பிடித்துவிட்டார். உள்ளே நுழைந்துகூடப் பார்க்கவில்லை. மழைக்காக வானத்தையே பார்த்துக் கிடக்கும் இராமநாதபுரத்துச் சீமையில் பிறந்தவருக்கு அந்தப் பெயர் ஒன்றே போதுமாக இருந்தது.

பினாங்கில் கப்பலிறங்கி நான் வந்து பார்த்தால், வீட்டின் முதுகிலேயே மலை நிற்கிறது. மதியம் திரும்பியதும் மேகம் இறங்கிவிடும், மழை கொட்டும். அவர் வேலைவிட்டு வந்து, வாசலில் உட்கார்ந்து கூத்துப் பார்ப்பதுபோல மழையைப் பார்ப்பார். எனக்கோ பற்றிக்கொண்டு வரும். உப்பு நீர்விட்டது, தீக்குச்சி பற்றவில்லை, உடுத்துகிற சேலை காயவில்லை.

மகள் பிறந்த பிறகு என் பொறுமை போயே போயிற்று. குழந்தைத் துணி ஒன்றாவது காய வேண்டுமே! ஈரத்திலேயே கிடந்து பிள்ளைக்குச் சளி கட்டிக்கொண்டது. மூச்சு இழுப்பதைக் கேட்டுப் பயந்துபோனேன்.

"நீங்க வேலைக்குப் போற பட்டணத்துக்கே போயிருவோம். அங்க வெயிலு கொளுத்துதுன்னு நீங்கதானே சொல்றீக?" என்றேன்.

"தண்ணி இருக்க எடத்த விட்டுட்டு எவனாச்சும் போவானா புள்ள?"

மறுநாள் அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். துறைமுகத்துக் கிட்டங்கிக்குச் சரக்கு எண்ணும் வேலைக்குப் போகும்போது, ஈரத்துணிகளை மூட்டை கட்டி எடுத்துப்போனார். பின்கட்டில் கடற்காற்றில் காயப்போட்டு, மாலையில் மடித்துக் கொண்டுவந்தார். கூட வேலை செய்தவர்கள் கேலி செய்தார்களாம். அவர் கண்டுகொள்ளவில்லை.

ஒருநாள் திரும்பும் வழியில் மழை பிடித்துக்கொண்டது. குடையை மூட்டைக்குப் பிடித்துக்கொண்டு, தான் தொப்பலாக நனைந்து வந்து நின்றார். பிரித்துப் பார்த்தால், சாரலுக்கு ஒரு துணிகூடத் தப்பவில்லை. உள்ளே குழந்தை இருமியது. அன்றுதான் அவர் மழையைக் கோபமாகப் பார்த்தார்.

"வீடு மாத்திரலாம்" என்றார்.

கடலோரத்து வீட்டில், துணியை உதறிப் போட்டுத் திரும்புவதற்குள் காய்ந்தது. மகளின் சளியும் விட்டது. எனக்கு ராஜபோகம்தான். அவர் மட்டும் மாலையானால் தெருவில் நின்று மலைப்பக்கம் பார்ப்பார். "அங்க பெய்யுது" என்பார். நான் சிரிப்பேன், உள்ளுக்குள் பாவமாக இருக்கும்.

சில வாரம் கழித்து ஒரு மாலை பட்டணத்திலேயே மழை இறங்கியது. கொடி நிறையத் துணி. எடுக்க எழுந்தவள், அவர் முகத்தைப் பார்த்ததும் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு வாசலுக்குள் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டேன்.

"துணி நனையுது புள்ள!"

"நாளைக்குக் காயும். நீங்க பாருங்க" என்றேன்.