மயங்காத நோயாளி

என் வீட்டுக்காரருக்குக் குடலிறக்க ஆபரேஷன் நடந்தபோது, வலி தெரியாமலிருக்கப் போட்ட பெரிய ஊசியில் இரண்டு நாள் சரியாகக் கண்ணே திறக்கவில்லை. திறந்தபோதெல்லாம் வாந்தி. பார்க்க வந்தவர்கள் கண் கலங்கிப் போனார்கள். அந்த மரியாதையில் மனுஷர் இரண்டு மாதம் ஒரு சொம்புத் தண்ணீரைக்கூடத் தூக்கவில்லை.

எனக்குக் கர்ப்பப்பையை எடுக்க வேண்டும் என்றதும் நான் முதலில் நினைத்தது அந்த இரண்டு மாதத்தைத்தான். கல்யாணமானதிலிருந்து நான் ஆசைப்பட்ட ஒரே சொத்து அது.

டாக்டரம்மா அந்த ஆசையில் மண்ணைப் போட்டார். "அந்த ஊசியெல்லாம் இப்ப ரொம்பக் குறைச்சிட்டோம்மா. வயித்துத் தசையில மரத்துப்போற மருந்து போட்டுடுவோம். அப்புறம் வலிச்சாலும் வலிக்காட்டியும் நேரத்துக்கு மாத்திரை. அதுக்கும் தாங்கலன்னா மட்டும்தான் பெரிய ஊசி. சாயங்காலமே எழுந்து நடக்கலாம்."

நடந்தேன். அங்கேதான் காரியம் கெட்டது.

சேத்தியாத்தோப்பிலிருந்து நாத்தனார் பஸ் பிடித்து, அழுவதற்குத் தயாராக வந்திருந்தார். நான் கட்டிலில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தேன். சாத்துக்குடிப் பையோடு வாசலிலேயே நின்றுவிட்டார். "ஆபரேஷன் ஆயிடுச்சா, இல்ல இனிமேதானா அண்ணி?" என்று கேட்டார்.

நர்ஸ் மட்டும் வேளாவேளைக்கு வந்து, "பத்துக்கு எவ்வளவும்மா வலி?" என்பார். நாலு என்பேன், இருமிய பிறகு ஐந்து என்பேன். பொய் சொல்லக் கூடாது, தலை தெளிவாக இருந்தது, வாந்தி இல்லை, நிம்மதியாகவே இருந்தது. ஆனால் தெளிவாகப் பேசுகிறவளை நோயாளி என்று யார் நம்புவார்கள்?

"நடங்க, ஆனா வேலை எதுவும் செய்யாதீங்க" என்று சொல்லித்தான் வீட்டுக்கு அனுப்பினார்கள். அதில் முதல் வார்த்தை மட்டும் வீட்டில் எல்லார் காதிலும் விழுந்தது.

"நடக்கச் சொல்லியிருக்காங்கல்ல, அடுப்படி வரைக்கும் நடக்கலாமே" என்றார் வீட்டுக்காரர்.

அந்த வாரமே தோசைக்கல்லின் முன்னால் நின்றேன். அவருக்குச் செராமிக் யூனிட்டில் வேலை. சூளையிலிருந்து பளபளவென்று வரும் ஒவ்வொரு சாமானையும் தட்டிப் பார்த்து, சத்தத்தை வைத்தே உள்ளே விரிசல் இருக்கிறதா என்று சொல்லிவிடுவார். வீட்டில் அந்தப் பழக்கம் கிடையாது.

ஆஸ்பத்திரியிலிருந்து நர்ஸ் போன் செய்தார். வீட்டுக்காரர்தான் எடுத்தார். "வலியா? அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க. தோசை ஊத்திக்கிட்டு இருக்குது."

போனை அவர் கையிலிருந்து வாங்கினேன். "ஏழுங்க" என்றேன்.

"மாத்திரை போட்டீங்களாம்மா?"

"சட்னி அரைச்சிட்டுப் போடலாம்னு இருந்தேன்."

"மொதல்ல மாத்திரையப் போட்டுட்டுப் போய்ப் படுங்க. அதுக்கும் குறையலன்னா உடனே வாங்க."

வீட்டுக்காரர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஏழா? எத்தனைக்கு?"

"பத்துக்கு."

கொஞ்சம் யோசித்தார். "அப்ப பாஸுதானே" என்றார். கிண்டல் இல்லை, நிஜமாகவே அவருக்கு சந்தோஷம்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. மாத்திரையை விழுங்கிவிட்டு, டாக்டரம்மா சொன்னபடி நடந்தேன், அடுப்படியிலிருந்து கட்டில் வரைக்கும். படுத்த பிறகு தோசை கருகும் வாசனை வந்தது.

"இத யாரு திருப்புறது?" என்றார் அங்கிருந்து.

"கரண்டி பக்கத்துலயே இருக்குது" என்றேன்.