எட்டாம் மாடி யன்னலில் நின்றவர்

பன்னிரண்டு வருடங்களுக்கு முன், ஒரு மாசி மாதத்துப் பின்னேரம், மொன்றியல் நகரின் நடுவில் நடந்தது இது. அப்போது நாங்கள் அங்கிருந்து ஏழு மணி நேரம் வடக்கே, ஒரு சுரங்க ஊரில் கடை வைத்திருந்தோம். பாலும் பியரும் லொத்தர் சீட்டும் விற்கிற, இங்கே தெப்பனர் என்று சொல்லும் சின்னக் கடை. எங்கள் ஒன்பது வயது மகளுக்கு இதயத்தில் சத்திரசிகிச்சை செய்ய வேண்டும் என்று மொன்றியல் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். குளிர்காலக் காய்ச்சல் பரவிக்கொண்டிருந்ததால் பிள்ளையோடு ஒருவர் மட்டுமே நிற்கலாம் என்றார்கள். மனைவி மகளோடு முன்னமே போய்விட்டாள்.

வார்டுக்குள் விடாவிட்டாலும் கூப்பிடு தூரத்திலாவது நான் நிற்க வேண்டும். மொன்றியலுக்குப் பக்கத்தில் புரோசார்டில் மனைவியின் அண்ணன் வீடு இருக்கிறது. ஆனால் அது ஆற்றுக்கு அப்பால். பனி கொட்டினால் பாலம் கடக்கவே இரண்டு மணி நேரம். ஹோட்டலில் தங்கினால், சொந்த வீடு இருக்க ஹோட்டலா என்று மச்சான் ஒரு வருடத்துக்கு முகம் பார்க்க மாட்டார். அதனால் அவருக்கு மூச்சே விடவில்லை.

அந்த நாட்களில் ஹோட்டல் அறைகளுக்கு இணையத்தில் ஏலத் தளங்கள் இருந்தன. நகரத்தின் எந்தப் பகுதி, எத்தனை நட்சத்திரம், எவ்வளவு தருவோம் என்று நாம் சொல்ல வேண்டும். ஏதாவது ஒரு ஹோட்டல் சம்மதித்தால் உடனே கடன் அட்டையிலிருந்து காசு போய்விடும். அதற்குப் பிறகுதான் ஹோட்டலின் பெயரே தெரியும். பிடிக்கவில்லை என்று திருப்பிக் கொடுக்கவும் முடியாது. எனக்கோ இது அல்வா சாப்பிடுகிற மாதிரி. கடைக்குச் சாமான் எடுக்க மொன்றியலுக்கு வரும்போதெல்லாம் ஜான்-டலோன் சந்தையில் கடை கட்டும் நேரம் பார்த்துப் போய், கத்தரிக்காய்ப் பெட்டியைப் பாதி விலைக்குத் தூக்கி வருகிற ஆள் நான். ஆஸ்பத்திரி இருக்கும் பகுதியைக் குறித்து, நாலு நட்சத்திரம் கேட்டு, வெட்கமில்லாமல் ஒரு விலை சொன்னேன். மூன்று தரம் மறுத்தார்கள். நாலாம் தரம் விழுந்தது. பெயரைப் பார்த்ததும் நம்ப முடியவில்லை. கல்யாண வீட்டுப் படங்களில் பின்னால் தெரிகிற பெரிய, பழைய ஹோட்டல் அது.

உள்ளே நுழைந்ததும் அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றேன். பளிங்குத் தரையில் என் சப்பாத்திலிருந்து உப்பும் பனிச்சேறும் வழிந்தன. ஆனால் ஏலத்தில் வருகிறவனுக்கு யாரும் கேளாத அறையைத்தானே கொடுப்பார்கள். எட்டாம் மாடியில், பின்பக்கம். திரையை விலக்கினால் கார் தரிப்பிடம், அதற்கப்பால் ஏதோ ஒரு கட்டடத்தின் சாம்பல் சுவர். எனக்குச் சுருக்கென்றது. பெட்டியைக்கூடத் திறக்காமல் கீழே இறங்கி, வரவேற்பு மேசையில் நின்ற பெண்ணிடம் என் உடைந்த பிரெஞ்சில் அரை மணி நேரம் வாதாடினேன். கடைசியில் அவள் களைத்துப்போய், பதினான்காம் மாடியில் ஆறு தெரியும் அறை ஒன்றைத் தந்தாள். வென்றுவிட்ட சந்தோஷத்தில் அங்கே போய் உறைந்து கிடந்த ஆற்றைப் பார்த்தபடி மனைவிக்குத் தொலைபேசி எடுத்தேன்.

எடுத்த உடனே பின்னால் மகளின் அழுகுரல் கேட்டது.

“நாளைக்கு ஒப்பரேஷனுக்கு இப்பவே கையில ஊசி ஏத்த வேணுமாம். விடுறாளே இல்லை. அப்பா வந்தாத்தான் எண்டு நிக்கிறாள். நாலு பேர் பிடிக்கவும் ஏலாமக் கிடக்கு” என்றாள் மனைவி. நான் ஹோட்டலின் பெயரைச் சொன்னேன். அவள் யன்னலடிக்குப் போய்ப் பார்த்தாள். பிறகு, “இஞ்சருங்கோ, அந்தப் பேர் போட்ட கட்டடத்தின்ர பின்பக்கம் எங்கட யன்னலுக்கு நேர தெரியுது” என்றாள்.

அந்தச் சாம்பல் சுவர் ஆஸ்பத்திரிச் சுவர். நான் சண்டை பிடித்து உதறிவிட்டு வந்த யன்னலுக்கு நேர் எதிரே என் பிள்ளை இருந்திருக்கிறாள்.

“எந்த யன்னல் அப்பா? கை காட்டுங்கோ. கண்டா நான் ஊசி போட விடுவன்” என்று மகள் விக்கி விக்கிச் சொன்னாள்.

“எட்டாம் மாடி குஞ்சு, நடுவில. இந்தா வாறன்” என்று சொல்லிவிட்டுக் கீழே ஓடினேன். அந்த அறைக்கு ஏற்கனவே ஒருவர் வந்துவிட்டார் என்றாள் மேசைப் பெண். பதற்றத்தில் எனக்குப் பிரெஞ்சும் வரவில்லை, ஆங்கிலமும் வரவில்லை. ஆஸ்பத்திரிப் பக்கம் கையைக் காட்டி, நெஞ்சைத் தொட்டு, யன்னலில் நின்று கை அசைப்பதுபோலக் காட்டி, மகள், மகள் என்றேன். என்னிடம் அரை மணி நேரம் வாங்கிக் கட்டிய அதே பெண், நான் முடிக்கும் முன்பே தொலைபேசியை எடுத்து அந்த அறைக்கு அழைத்தாள். தாழ்ந்த குரலில் ஏதோ சொன்னாள், கேட்டாள், “மெர்சி, முஸ்யூ” என்று நன்றி சொல்லி வைத்தாள். “மேலே போங்கள்” என்றாள்.

லிப்ட் வருவதாக இல்லை. பொத்தானை அமத்திக்கொண்டு நிற்கும்போதே மனைவி கைத்தொலைபேசியில் அழைத்தாள்.

“கண்டிட்டாள். நீங்கள் லைட்டோட நிக்கிறியள் எண்டு துள்ளுறாள். கையை நீட்டிக்கொண்டிருக்கிறாள், ஊசி ஏத்துகினம். அசையாம அப்பிடியே நில்லுங்கோ.”

நான் தரை மாடியில் நின்றேன். “ஓம்” என்று மட்டும் சொன்னேன்.

எட்டாம் மாடியில் அந்த அறைக் கதவு திறந்து கிடந்தது. என்னளவு உயரமான, அறுபது வயது மதிக்கத்தக்க ஒரு வெள்ளைக்காரர் சப்பாத்தைக் கழற்றிவிட்டு, கால்மேசோடு யன்னலடியில் நின்றார். மேசையைச் சுவரோடு இழுத்துப் போட்டு, மேசை விளக்கை ஒரு கையில் தூக்கிப் பிடித்து, மறு கையை மெதுவாக அசைத்துக்கொண்டிருந்தார். விளக்கின் வயர் விறைத்துப்போய் இருந்தது. எதிரே, தூரத்தில், ஒரு யன்னலில் ஒரு சின்ன உருவம். அவர் திரும்பி என்னைப் பார்த்தார். விளக்கைக் கீழே வைக்கவில்லை. என் கைக்குள் அதை அப்படியே மாற்றினார், வெளிச்சம் ஒரு கணமும் விலகாதபடி. “அழுகையை நிறுத்திவிட்டாள் என்று நினைக்கிறேன்” என்று பிரெஞ்சில் சொன்னார். சப்பாத்தைக் கையில் எடுத்து, நான் நன்றி சொல்லும் முன்பே பெட்டியை உருட்டிக்கொண்டு வேறு அறைக்குப் போய்விட்டார். மகளுக்கு எதிரே விளக்கோடு நின்று அழுதேன்.

சத்திரசிகிச்சை நல்லபடியாக முடிந்தது. நான் மறுநாள் அவரைத் தேடியபோது அவர் ஹோட்டலை விட்டே போயிருந்தார். பெயரைச் சொல்ல மேசைப் பெண்ணுக்கு அனுமதி இல்லை. மகள் இப்போது பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். இரண்டு நிமிடத்தில் எட்டாம் மாடிக்கு ஓடி வந்த அப்பா என்று சிநேகிதிகளிடம் பெருமையாகச் சொல்கிறாள். எதையும் பேரம் பேசியே வாங்கிப் பழகியவன் நான். அவரிடம் நான் ஒரு வார்த்தைகூடக் கேட்காமலே, என் இடத்தில் நின்று என் பிள்ளைக்குத் தகப்பனாக இருந்துவிட்டுப் போன அந்த மனிதரைப் பற்றி அவளிடம் சொல்ல வேண்டும் என்று ஒவ்வொரு முறையும் வாயெடுக்கிறேன், இன்றுவரை முடியவில்லை. இதோ முதலில் உங்களிடம் சொல்லியிருக்கிறேன்.