சின்னம்மையின் வலது தோள்

சின்னம்மை ஜெயித்தவற்றை முதலில் வரிசையாகச் சொல்லிவிட வேண்டும். சேரம்பாடியில் நூற்றுச்சொச்சம் பெண்கள் இறங்கிய தேயிலைக் கொழுந்து பறிக்கும் போட்டியில், காய்ச்சலோடு போய் வாங்கிய முதல் பரிசு: பிரஷர் குக்கர். அரிசி வாசனைக்குச் சமையற்கட்டுச் சுவரை இடித்துத் தும்பிக்கை நீட்டிய யானையிடமிருந்து மீட்டது: அதே குக்கர். கடைசியாக, இனி பாதிக்கு மேல் தூக்க வராது என்று எல்லோரும் சொன்ன தன் வலது தோள்.

2023 ஜனவரியில், பனி ஈரமாயிருந்த சரிவில் வழுக்கி விழுந்து தோள்மூட்டில் தசை கிழிந்தது. மார்ச் 6-ஆம் தேதி கோயம்புத்தூரில் ஆபரேஷன். ஜூலை 10 வரை எஸ்டேட்டில் லீவு. அன்றைக்குக் கூடையைத் தூக்கி முதுகில் மாட்டிக் காட்ட வேண்டும். முடியாவிட்டால் வேலைப் பதிவிலிருந்து பேர் வெட்டிவிடுவார்கள். பேர் போனால், எஸ்டேட் கொடுத்த லயத்து வீடும் போகும்.

பிசியோதெரபி சொல்லித் தந்த ஜெஸிந்தா, "விரலைச் சுவத்துல எறும்பாட்டம் மேல ஏத்துங்க. பத்துத் தடவை, மூணு வேளை" என்றார்.

பத்தோடு நிறுத்துவதா? நிர்ணயித்த கிலோவுக்கு மேல் பறித்தே பழகிய கை அது. அக்கா ஆண்டாயி கொழுந்துக்குப் போன நேரம் பார்த்து, ஒரே காலையில் நூறு தடவை ஏற்றினாள். சாயங்காலம் தோள் இட்லிப் பானை மாதிரி வீங்கியிருந்தது.

"ஏனுங்க, இங்க கூடுதல் கிலோவெல்லாம் கிடையாதுங்க! தச்சது பிரிஞ்சா என்னங்க பண்ணுவீங்க?" என்று ஜெஸிந்தா பொரிந்தார்.

பத்து நாள் ஐஸ் ஒத்தடம். அப்புறம், கரித்துண்டால் சுவரில் பெரிதாக எதையாவது வரையச் சொன்னார். சின்னம்மை பள்ளிக்கூடம் போனதில்லை. எதற்கும் பெருவிரல் மைதான். ஐந்தாவது படித்த ஆண்டாயி தங்கையின் பெயரை எழுத்துக்கு ஒரு முழம் உயரமாகச் சுவரில் எழுதினாள்.

"கண்டதைக் கிறுக்காம, இது மேலயே கையை ஓட்டுடி."

"இதுல நான் எங்க இருக்கேன், அக்கா?"

"முழுசும் நீதான். பத்துக்கு மேல ஓட்டுனே, கையை ஒடிச்சிருவேன்."

"ஒடிச்சா மறுபடி பத்துலருந்துதான் ஆரம்பிக்கணும், பரவாயில்லையா?"

ஒவ்வொரு ஞாயிறும் ஆண்டாயி பெயரை நான்கு விரல் மேலே தள்ளி எழுதி, பக்கத்தில் தேதி போட்டாள். ஜூன் 25 அன்று பெயர் கூரைத் தகரத்தில் முட்டியது. லயமே குலவை போட்டது.

ஜூலை 10. ஆபீஸ் வாசலில் சின்னம்மை கூடையைத் தூக்கினாள். கூடையின் பட்டை தலையில் போய் உட்கார்ந்தது. இறக்கினாள், மறுபடி தூக்கினாள், மறுபடியும் தூக்கினாள்.

"போதும்மா, நம்பிட்டேன்!" என்றார் கிளார்க் நஞ்சப்பன்.

"பத்து முடியட்டுங்க சார்."

முடிந்ததும் அவர் மறுபடி வேலையில் சேரும் படிவத்தை வைத்து, வழக்கம்போல் மைப்பெட்டியைத் திறந்தார். அவள் அதை நகர்த்திவிட்டுப் பேனா கேட்டாள். பெயர் எழுத அவள் பழக்கியது தோளைத்தான், விரலை அல்ல. தோள் சுழன்றது, பெயர் படிவம் முழுக்கப் பரவி, கடைசி எழுத்து மேஜைமேல் போய் இறங்கியது.

"அம்மா, இதென்ன லயத்துச் சுவரா?" என்று நஞ்சப்பன் அலறினார். கூட வந்திருந்த ஆண்டாயி சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, படிவத்தில் மிச்சமிருந்த ஒரு மூலையில் பொடி எழுத்தில் தேதி போட்டாள்: 10-7-2023.