பறிக்கக் கூடாத போஞ்சி

இலங்கை மலைநாட்டில், வரிசை வீடுகளான எங்கள் லயத்தின் பின்பக்கம் தண்ணீர் ஓடும் கான் ஒன்று இருந்தது. அதைத் தாண்டினால் தேயிலை. கானுக்கும் சுவருக்கும் நடுவில் ஒவ்வொரு வீட்டுக்கும் கையகல நிலம். பெரும்பாலானவர்கள் அதில் கொஞ்சம் கீரை விதைத்துவிட்டு மீதியைக் கோழிகளிடம் ஒப்படைத்துவிடுவார்கள். ஒழுங்காகப் பயிர் செய்தவர்கள் இரண்டே பேர். ஒருவன் நான். மற்றவன் ஒட்டுச்சுவருக்கு அந்தப் பக்கம் தன் தகப்பனாரோடும் மனைவியோடும் குடியிருந்தவன். என்னைவிட நாலைந்து வயது இளையவன். வாய்க்கு வாய் ‘அண்ணே’ என்பான். அவ்வளவு மரியாதையாக இருப்பவனோடு சண்டை போடவும் முடியாது என்பதால் எனக்கு எரிச்சல் இன்னும் கூடியது.

ஐம்பதுகளின் நடுவில் எங்கள் தேயிலைத் தோட்டத்துக்குப் புதிதாக ஒரு வெள்ளைக்காரத் துரை வந்தார். லயத்து மக்கள் காய்கறி வளர்க்க வேண்டுமென்று அவருடைய மனைவிக்கு ஆசை. வருசத்துக்கு ஒரு போட்டி வைத்தார். துரைசானியே லயம் லயமாக வந்து பார்ப்பார். நன்றாக இருக்கிற தோட்டத்துக்கு ஒரு புதுக் கம்பளி பரிசு. முதல் வருசம் அது பக்கத்து வீட்டுக்குப் போனது. என் மனைவி மழையில் கொழுந்தெடுக்கும்போது போர்த்திக்கொள்ளும் கம்பளியோ நைந்து, தூக்கிப் பிடித்தால் மறுபக்கம் ஆள் தெரியும். அடுத்த வருசக் கம்பளி அவளுக்குத்தான் என்று சபதம் போட்டேன். அவளுக்காகத்தான் போடுகிறேன் என்று நானே நம்பினேன்.

அந்த வருசம் மாட்டுப்பட்டியிலிருந்து சாணம் சுமந்து வந்து கொட்டினேன். கவ்வாத்து வெட்டிய மலையிலிருந்து காய்ந்த தேயிலைக் கிளைகளைக் கொண்டுவந்து போஞ்சி அவரைக் கொடிக்குக் கொம்பு நட்டேன். பதினெட்டு முட்டைக்கோவா, இரண்டு வரிசை போஞ்சி, ஓரமாக முள்ளங்கி. காலையில் பேர் பதியும் பெரட்டுக்குப் போவதற்கு முன்னால் இலை இலையாகப் புரட்டிப் புழு பொறுக்குவேன், சாம்பல் தூவுவேன். எல்லாம் நன்றாக வந்தது. வந்த பிறகுதான் எனக்குக் கிறுக்குப் பிடித்தது. போட்டிக்கு ஒரு மாதம் இருக்கும்போது, துரைசானி வந்து பார்க்கும்வரை ஒரு காயைக்கூடப் பறிக்கக் கூடாது என்று வீட்டில் சட்டம் போட்டேன்.

“பின்னால காய் தொங்குது, முன்னால உக்காந்து கருவாடு தின்னுறோம். சனங்க கேட்டாச் சிரிக்கும்ங்க” என்றாள் என் மனைவி.

“ஒரு மாசம் பொறு புள்ள. கம்பளி வரும்.”

“நானா கம்பளி கேட்டேன்?”

அவள் கேட்கவில்லைதான். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி, பருப்பும் கருவாடுமாக ஒரு மாதத்தை ஓட்டினோம். போஞ்சி முற்றிப் புடைத்தது. மழைக்குக் கோவா வெடித்துவிடும் என்று ஒவ்வொன்றையும் இரண்டு கையாலும் பிடித்து அரைத் திருகு திருகி, வேரைக் கொஞ்சம் அறுத்துவிட்டேன். அப்படிச் செய்தால் தலை வெடிக்காமல் நிற்கும். பக்கத்து வீட்டுக்காரனும் அதையே செய்துகொண்டிருந்தான். அவனுடைய கோவா என்னுடையதைவிட ஒரு சுற்றுப் பெரிதாக இருந்தது. நான் தினமும் வேலிமேல் எட்டிப் பார்த்துவிட்டு வந்து அடுப்படியில் கோபமாக உட்காருவேன்.

ஞாயிற்றுக்கிழமை துரைசானி வருவதாக இருந்தது. வெள்ளிக்கிழமை மத்தியானம் பக்கத்து வீட்டுப் பெரியவர் இறந்துபோனார். ரொம்ப நாளாக நெஞ்சில் சளி கட்டி இழுத்துக்கொண்டிருந்தவர். டிக்கோயாவிலிருந்தும் வட்டகொடையிலிருந்தும் சொந்தக்காரர்கள் வந்து சேர ஒரு நாள் ஆனது. சனிக்கிழமை மழைத் தூறலோடு தூக்கினோம். இடுகாட்டுக்குப் பாதை லயத்தின் பின்பக்கம்தான், எங்கள் இருவர் தோட்டத்தையும் ஒட்டி, கான் ஓரமாகவே போகும். மகன் கொள்ளிச்சட்டியோடு முன்னால் நடந்தான். தப்புச் சத்தமும் அழுகையுமாக ஒரு பெருங்கூட்டம் அந்த ஒற்றையடிப் பாதையில் வழுக்கி வழுக்கி வந்தது. பாடையின் முன்பக்கத்தை என் தோளில் வைத்திருந்தேன்.

குழி மூடி, பீலித் தண்ணீரில் குளித்துவிட்டு ஈர வேட்டியோடு வீட்டுக்கு வந்தேன். பின்பக்கம் போய்ப் பார்த்ததும் எனக்கு ஒரு நிமிசம் ஒன்றும் புரியவில்லை. பதினெட்டு அடித்தண்டு நின்றது. போஞ்சிக் கொம்பில் இலை மட்டும் இருந்தது. முள்ளங்கி இருந்த இடத்தில் வெறும் குழிகள்.

“யாரக் கேட்டு வெட்டுன?” என்று கத்தினேன். இழவு வீடு பக்கத்தில் இருக்கிறதே என்று தொண்டையை அடக்கக்கூட எனக்குத் தோன்றவில்லை.

அவள் பெரிய சட்டியில் கறியைக் கிளறிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

“அடுப்பு எரியாத வீடுங்க. அம்பது பேரு வந்திருக்காங்க. சோத்தை மத்த வீட்டுக்காரங்க பொங்குறாங்க. ஒட்டுச்சுவர் வீடு, கறி நம்மதானே கொண்டு போகணும். எழவு வீட்டுக்குக் கருவாட்டுக் கொழம்பு தூக்கிட்டுப் போகச் சொல்றீங்களா?”

“அவன் தோட்டத்துலயும் காய் நிக்குதில்ல?”

“செத்த வீட்டுக் காயப் பறிச்சு, அந்த வீட்டுக்கே பொங்கிப் போடுறதா? கேக்குற கேள்வியப் பாரு.”

கொட்டகலைக் கடைக்குப் போய் வாங்கி வந்திருக்கலாமே என்று சொல்ல நினைத்தேன். அந்த மழையில் யார் போவார்கள்? அன்று சாயங்காலம் இழவு வீட்டுப் பந்தியில் உட்கார்ந்து நானும் என் போஞ்சியைத் தின்றேன். முற்றி நாராக இருந்தது. யாரும் குறை சொல்லவில்லை. பசித்த சனம் வழித்துச் சாப்பிட்டது.

மறுநாள் காலையில் துரைசானி குடையோடு வந்தார். கணக்குப்பிள்ளை பின்னால் நோட்டுப் புத்தகத்தோடு வந்தார். துரைசானி என் நிலத்தில் நின்று அடித்தண்டுகளைப் பார்த்துவிட்டு இங்கிலீசில் ஏதோ கேட்டார். ஏன் வெட்டினாய் என்று கேட்கிறார் என்றார் கணக்குப்பிள்ளை. “வீட்டுக்கு வேணும்னு வெட்டிட்டோம்ங்க” என்றேன். அவர் தலையை ஆட்டிவிட்டு வேலிக்கு அந்தப் பக்கம் போனார். அங்கே எல்லாம் அப்படியே நின்றது, ஒரு இலை கசங்காமல். பக்கத்து வீட்டுக்காரன் மொட்டைத் தலையோடு கதவோரம் வந்து நின்றான். தன் தோட்டத்தை அவன் பார்க்கவில்லை. என்னுடையதைப் பார்த்தான். முந்தின நாள் என்ன சாப்பிட்டோம் என்று அவனுக்கு அப்போதுதான் விளங்கியிருக்க வேண்டும்.

திங்கட்கிழமை பெரட்டில் பரிசை அறிவித்தார்கள். அவனுக்குத்தான். என் காய் அவன் வீட்டுப் பந்தியில் போக, அவன் காய் நின்று ஜெயித்துவிட்டது. எனக்கு வயிறு எரிந்தது, பொய் சொல்வானேன்? இரண்டு நாள் என் மனைவியோடு பேசவில்லை. அவளும் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை. மூன்றாம் நாள் அவன் கம்பளியை மடித்து எடுத்துக்கொண்டு எங்கள் வாசலுக்கு வந்தான்.

“மதினி, இது உங்களுக்குத்தான்.”

“போஞ்சிக்குக் கூலியா தம்பி? ஒன் சம்சாரத்துக்குக் குடு. அவளும் மழையிலதான் நிக்கிறா” என்றாள் என் மனைவி. வாங்கிக்கொள்ளலாம் என்றுதான் எனக்கு இருந்தது. அவள் முகத்தைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டேன்.

பதினாறாம் நாள் கருமாதிக்கு அவன் தன் தோட்டத்தை முழுதாக அறுத்தான். விதைக்குக்கூட ஒரு போஞ்சி விடவில்லை. பந்தியில் அவனே பரிமாறினான். என்னிடம் வந்ததும் கோவாப் பொரியல் சட்டியைத் தரையில் வைத்துவிட்டுக் குந்தினான். சட்டியைப் பார்த்துக்கொண்டே மெதுவாகப் பேசினான்.

“அண்ணே, யாருகிட்டயும் சொல்லல. அப்பாவத் தூக்கிட்டுப் போறப்ப அழுதுக்கிட்டேதான் போனேன். ஆனா கண்ணு மட்டும் அந்தக் கோவா மேலயே இருந்துச்சு. கூட்டத்துல யாரும் மிதிச்சிருவாங்களோன்னு. பெத்த அப்பன்ண்ணே.”

அவன் கண்ணில் தண்ணீர் நின்றது.

“மனுசனுக்கு வர்றதுதான்டா. எந்திரி. சோறு ஆறுது” என்றேன்.

அவன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, என் சோற்றில் இன்னொரு கரண்டி கோவாவை வைத்துவிட்டு அடுத்த ஆளிடம் போனான். பாடை தூக்கிய அன்றைக்கு நானும் அவனுடைய அந்தக் கோவாவைத்தான் பார்த்தேன். அவன் அப்பாவைத் தோளில் சுமந்துகொண்டே, ஒரு கால், யாருடைய காலாவது ஒன்று, வழுக்கி அதன்மேல் விழாதா என்று பார்த்துக்கொண்டு போனேன். இதை அவனிடம் சொல்லியிருந்தால் அவன் பாரம் பாதியாகக் குறைந்திருக்கும். நான் சொல்லவில்லை.