குளத்தில் இறங்காத பம்பரம்

வீட்டில் அவளுக்குப் பெயர் பம்பரம். உட்கார வைத்தால் கால் ஆடும். காலைப் பிடித்தால் கை ஆடும். தட்டைக் கையில் ஏந்திக் கூடத்துக்கும் வாசலுக்கும் நடந்தே சாப்பிட்டு முடிப்பாள். பள்ளியில் தடை தாண்டும் ஓட்டத்தில் பரிசுகளை வாரிக் குவித்தவள், கல்லூரியில் முழங்கால் பிசகியதும் ஓட்டத்தை விட்டாள். ஓட்டம் போனதே தவிர துடிப்பு போகவில்லை. பொழுதுபோக்கு, விளையாட்டு, சுற்றுலா மேலாண்மை என்று ஒரு முதுகலைப் படிப்பு இருப்பதைத் தானே தேடிக் கண்டுபிடித்துச் சேர்ந்தாள்.

“விளையாடுறதுக்கும் ஊர் சுத்துறதுக்கும் படிப்பா? ரெண்டையும் படிக்காமலே செஞ்சுக்கிட்டுதானே இருந்தே?” என்றார் தாய்மாமன். வீடே சிரித்தது. தையல் கடை வைத்திருந்த அக்கா மட்டும் சிரிக்கவில்லை. பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவள் அவள். ஆனால் தங்கை படிப்பின் முழுப் பெயரையும் ஒரு சொல் தட்டாமல் சொல்வாள். அளவு கொடுக்க வருகிறவர்கள் கேட்டாலும் சொல்வாள், கேட்காவிட்டாலும் சொல்வாள்.

ஆள் வராமல் கிடக்கும் ஒரு பொது இடத்துக்கு மக்களை வரவழைத்துக் காட்டுவதுதான் இரண்டாம் ஆண்டின் ஆய்வு வேலை. யாருக்கு எந்த இடம் என்று சீட்டுக் குலுக்கினார்கள். பம்பரம் ஆசைப்பட்டது ஓடுதளத்துக்கு. வந்ததோ நகராட்சி நீச்சல் குளம். அதிலும் மாலையில் பெண்களுக்கென்று ஒதுக்கி, ஈ காக்கை எட்டிப் பார்க்காத ஒரு மணி நேரம்.

அவளுக்கு நீச்சல் தெரியாது. தண்ணீர் இடுப்புக்கு மேல் ஏறினாலே மூச்சு முட்டும். இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. நடுவர் என்ன பந்தையா அடிக்கிறார், ஏற்பாடு செய்கிறவள் எதற்கு நீந்த வேண்டும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். விவரம் தெரியாத அக்கா, வழுக்கும் துணியில் முழங்கால் வரை வரும் நீச்சல் உடை ஒன்றை இரட்டைத் தையல் போட்டுத் தைத்துக் கொடுத்தாள். அது மடிப்புக் கலையாமல் பையின் அடியில் கிடந்தது.

குளத்து மேலாளர் நல்லவர்தான், ஆனால் கறார். “உன் காலேஜ் பருவம் முடியிற வரைக்கும் பாக்கறேன்மா. அப்பவும் தண்ணிக்குள்ள ஆள் இல்லைன்னா, இந்த நேரத்தைப் போட்டிக்குப் போற பசங்களோட பயிற்சிக்குக் கொடுத்துடுவேன்” என்றார். பெண்கள் நேரத்தில் அவர் உள்ளே வரக் கூடாது. பிறகு எப்படித் தெரியும் என்று கேட்டாள். “எனக்குக் கண்ணு வேண்டாம், காது போதும். குளத்துல ஆள் இருந்தா சத்தம் வரும்.”

அன்றிலிருந்து பம்பரம் சுழன்றாள். தெருப்பக்கத்து ஜன்னல்களுக்குத் திரை போட வைத்தாள். உடை மாற்றும் அறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் வாங்கி மாட்டினாள். பக்கத்து ஊர்க் குளத்தில் வேலை பார்த்த ஒரு பெண் உயிர்க்காப்பாளரை மாலை வேளைக்குப் பேசிப் பிடித்தாள். வீடு வீடாக ஏறி இறங்கினாள். பெண்கள் வந்தார்கள். மருந்துக்கடைக்காரம்மா வந்தார், பள்ளி ஆசிரியைகள் வந்தார்கள், தபால் நிலையத்துப் பெண் தன் நாத்தனாரையும் அழைத்துக்கொண்டு வந்தாள். உடை மாற்றினார்கள், விளிம்பில் வரிசையாக உட்கார்ந்தார்கள், முழங்கால் வரை நனைத்தார்கள், ஊர்க்கதை பேசினார்கள், போய்விட்டார்கள். ஒருவரும் இறங்கவில்லை.

பம்பரத்துக்கு இருப்புக் கொள்ளவில்லை. கழுத்தில் விசிலோடு குட்டி போட்ட பூனை மாதிரி குளத்தைச் சுற்றிச் சுற்றி வந்தாள். மிதவை வளையங்களை இந்தப் பக்கம் வைப்பாள், அந்தப் பக்கம் மாற்றுவாள். ஆழம் எழுதிய இடத்தில் குனிந்து பார்ப்பாள். போகும்போதும் வரும்போதும் “பயப்படாதீங்க, ஒண்ணும் ஆகாது” என்பாள். நாளாக ஆக அவள் நடை வேகமானது. விளிம்பில் உட்கார்ந்திருந்தவர்களின் கால்கள் ஒவ்வொன்றாக மேலே வந்தன. சத்தம் கிசுகிசுப்பாகக் குறைந்தது.

பேராசிரியரிடம் போய் நின்றாள். வெற்றி வந்தால்தான் ஆய்வு என்று இல்லை, ஏன் நடக்கவில்லை என்று எழுதினாலும் பட்டம் கிடைக்கும் என்று அவர் ஆறுதல் சொன்னார். அவளுக்கு அது ஆறுதலாக இல்லை. பட்டம் அவளுக்கு வரும். அந்த ஒரு மணி நேரம் போனால் அந்தப் பெண்களுக்குத் திரும்பி வருமா?

பருவத்தின் கடைசி வாரம். வெளியே போட்டிப் பசங்களின் பயிற்சியாளர் வந்து மேலாளரிடம் பேசிக்கொண்டிருந்தது கதவிடுக்கில் தெரிந்தது. பம்பரத்தின் நடை கிட்டத்தட்ட ஓட்டமாகிவிட்டது. மருந்துக்கடைக்காரம்மா பொறுத்துப் பார்த்துவிட்டு அவள் கையைப் பிடித்து நிறுத்தினார்.

“ஏம்மா, உண்மையைச் சொல்லு. இந்தத் தண்ணியில என்ன இருக்கு?”

“ஒண்ணும் இல்லையே அக்கா. சுத்தமான தண்ணி.”

“அப்புறம் எதுக்கு இந்தத் தவிப்புத் தவிக்கிறே? நெருப்பு மேல நடக்கிற மாதிரி நடக்கிறே. இத்தனை படிச்ச பொண்ணே கிட்ட போகலையே, ஏதோ விஷயம் இருக்குன்னு நாங்க கம்முனு உக்காந்திருக்கோம்.”

நாத்தனார் சேர்ந்துகொண்டாள். “எங்களைத் தள்ளி விட்டுட்டு வேடிக்கை பாக்கப் போறியா?”

எல்லாரும் சிரித்தார்கள். பம்பரத்துக்குச் சிரிப்பு வரவில்லை. திரை, தாழ்ப்பாள், உயிர்க்காப்பாளர் என்று ஒவ்வொன்றாகப் பார்த்துப் பார்த்துச் சரிசெய்தவள், விளிம்பில் நடந்த தன்னைப் பார்க்கவில்லை. இத்தனை நாளும் பயத்தை ஊருக்குப் பரிமாறியது அவள்தான்.

“எனக்கு நீச்சல் தெரியாது அக்கா” என்றாள். “தண்ணின்னா பயம்.”

தபால் நிலையத்துப் பெண், “அட, இவ்ளோதானா? எங்களுக்கும்தான் தெரியாது” என்றாள்.

பம்பரம் உள்ளே போய், பையின் அடியில் கிடந்த உடையை மாட்டிக்கொண்டு வந்தாள். அளவு கச்சிதமாக இருந்தது. ஏணிக் கம்பியை இரண்டு கையாலும் பற்றி ஒவ்வொரு படியாக இறங்கினாள். தண்ணீர் இடுப்பைத் தாண்டியதும், கூடவே இறங்கிய உயிர்க்காப்பாளர் முதுகில் கை வைத்துத் தாங்கியதையும் மறந்து, காது கிழிய ஒரு கூச்சல் போட்டாள். உடம்பைத் தளர்த்தி ஆடாமல் படுக்கச் சொன்னார் உயிர்க்காப்பாளர். ஆடாமல் இருப்பதா, அவளா? கையும் காலும் நாலு பக்கமும் அடித்ததில் விளிம்பில் இருந்த அத்தனை பேரும் தலை முதல் கால் வரை நனைந்தார்கள்.

“முழுக்க நனைஞ்ச பிறகு முக்காடு எதுக்கு?” என்று சொல்லிக்கொண்டே மருந்துக்கடைக்காரம்மா தொப்பென்று இறங்கினார். அவர் கையைப் பிடித்து ஆசிரியை, ஆசிரியையின் தோளைப் பிடித்து நாத்தனார். ஒருத்தி கத்த, இன்னொருத்தி அவள் மேல் தண்ணீரை அள்ளி வீச, கூரைத் தகடு அதிர்ந்தது.

மேலாளர் கதவைப் படபடவென்று தட்டினார். “என்னம்மா ஆச்சு? யாராவது விழுந்துட்டாங்களா?”

“விழலை சார்” என்றார் உயிர்க்காப்பாளர், கையில் துள்ளும் பம்பரத்தை விடாமல். “இறங்கிட்டாங்க.”

வெளியே மேலாளர் பயிற்சியாளரிடம், மாலை வேண்டாம், பசங்களைக் காலையில் கொஞ்சம் முன்னாலேயே வரச் சொல்லுங்கள் என்று சொல்வது கேட்டது.

ஈரத் தலையோடு வீட்டுக்கு வந்தவளிடம் அக்கா கேட்ட முதல் கேள்வி, தையல் எங்காவது விட்டதா என்பது. பிறகுதான் நடந்ததைக் கேட்டாள். மறுநாள் கடைக்கு வந்தவர்கள் அத்தனை பேரும் படிப்பின் பெயரோடு சேர்த்துக் குளத்துக் கதையையும் கேட்டுவிட்டுத்தான் போனார்கள்.

பம்பரத்துக்கு இன்னும் மிதக்க வரவில்லை. “எலும்புக்குள்ள மோட்டார் வெச்சிருக்கியா?” என்று உயிர்க்காப்பாளர் திட்டிக்கொண்டேதான் இருக்கிறார். குளத்தில் இறங்கிய அன்று இரவு என்னவோ தட்டோடு மேசையில் உட்கார்ந்துதான் சாப்பிட்டாள். மேசைக்கு அடியில் கால் மட்டும் தண்ணீரை உதைப்பது போல ஆடிக்கொண்டே இருந்தது.