நீண்ட ஸ்வரங்களில் மட்டும்

காது மிஷின் பொருத்திக்கொள்ள வருகிறவர்களிடம் முதல் நாளே ஒரு கேள்வி கேட்போம்: எதையெல்லாம் மறுபடி நன்றாகக் கேட்க ஆசைப்படுகிறீர்கள்? படிவத்தில் ஐந்து வரிகள் இருக்கும். பெரும்பாலானவர்கள் இரண்டுக்கு மேல் நிரப்புவதில்லை. டிவி, பேரப்பிள்ளைகள், அவ்வளவுதான்.

அவர் மூன்று சொன்னார். சமையலறையிலிருந்து மகள் பேசுவது. காரின் பின்சீட்டிலிருந்து பேத்தி பேசுவது. சாக்ஸபோன்.

"சாக்ஸபோன் கேக்கறதுக்கா அங்கிள்?"

"வாசிக்கறதுக்கும்மா. நாலு மாசத்துல ஒரு புரோகிராம் இருக்கு."

கணினியில் ஒவ்வொரு வரிக்கும் எதிரே ஒரு பட்டியல் இறங்கும்: வேலை, குடும்பம், தொலைபேசி, பொழுதுபோக்கு. அவருக்கு வயது எழுபத்தெட்டு. ஓய்வுபெற்றவர். நான் 'பொழுதுபோக்கு' என்பதை அழுத்திவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போனேன்.

அவர் பம்பாய் மாட்டுங்காவில் பிறந்து வளர்ந்த தமிழர். நாற்பது வருடம் அங்கேயே இந்திப் படப் பாடல்களுக்கு சாக்ஸபோன் வாசித்தவர். அதில் பாதிக் காலத்துக்கு மேல் அரேஞ்சராகவும் இருந்தார். இசையமைப்பாளர் மெட்டைக் கொடுத்துவிட்டுப் போய்விடுவார். எந்த இடத்தில் எந்த வாத்தியம், எத்தனை வயலின், பாடகி மூச்சு வாங்கும் இடைவெளியில் யார் நுழைவது என்பதையெல்லாம் தாளில் எழுதி ஒவ்வொருவர் முன்னும் வைப்பது அரேஞ்சரின் வேலை. மனைவி இறந்த பிறகு நாடு விட்டு, இங்கே வெரிபீயில் இருக்கும் மகளோடு வந்து சேர்ந்திருந்தார். அங்கே ஐடி வேலைக்காரர்களும் நர்ஸ்களுமாகப் பதினோரு பேர் வார இறுதிகளில் கூடிப் பழைய இந்திப் பாடல்களை வாசிக்கிறார்கள். அவர்களுக்கு அவர்தான் எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்தார். ஒரு பாட்டில் அவரே தனியாக வாசிப்பதாகவும் ஏற்பாடு.

எங்கள் கிளினிக் அதற்கு அடுத்த பகுதியான பாயிண்ட் குக்கில், ஒரு மருந்துக்கடைக்குப் பக்கத்தில் இருக்கிறது. வரவேற்பில் இருக்கும் அக்கா யாழ்ப்பாணத்துக்காரர். அவருக்கு இவரை முதல் நாளே பிடித்துப்போயிற்று.

"அங்கிள், நீங்கள் சினிமாவில வாசிச்சனீங்களாமே? எந்தப் பாட்டு எண்டு சொல்லுங்கோவன்."

"எழுதி வெச்சுக்கலைம்மா. காலைல ஒண்ணு, மத்தியானம் ஒண்ணு. படம் வந்தப்புறம் டீக்கடை ரேடியோல கேட்டு, 'அட, இது நம்ம ஊதினது'ன்னு நெனச்சுக்குவேன்."

"உங்கட பேர் போடமாட்டாங்களோ?"

"எத்தனை பேருக்குப் போடுவான்? அப்புறம் படம் எங்க ஓடறது?"

இரண்டு காதுகளுக்கும் மிஷின் பொருத்தினேன். நான் சரிபார்த்தவை ஐந்து: மெல்லிய பேச்சு, சாதாரணப் பேச்சு, உரத்த பேச்சு, திடீர்ச் சத்தம், கீச்சொலி. காதுக்குள் போன சத்தம் வெளியே கசிந்து மறுபடி மிஷினுக்குள் புகுந்தால் கீச்சென்று விசில் அடிக்கும். அதைத் தடுக்க உள்ளேயே ஒரு ஏற்பாடு உண்டு. ஐந்தும் சரியாக இருந்தன.

மூன்றாவது வாரம் வந்தபோது, மகள் பேசுவதும் பேத்தி பேசுவதும் நன்றாகக் கேட்பதாகச் சொன்னார். பேத்தி தன்னைப் பற்றி இங்கிலீஷில் அடிக்கும் கிண்டலெல்லாம் இப்போதுதான் புரிகிறது என்றார். எழுந்து போகும்போது, "நீளமா ஊதினா ஸ்வரம் நடுங்கற மாதிரி இருக்கு" என்றார்.

இந்த மாதிரிப் புகார்களுக்கு எங்களிடம் தயாராக ஒரு பதில் உண்டு. அதையே சொன்னேன். "ரொம்ப வருஷம் கழிச்சு இந்தச் சத்தமெல்லாம் கேக்கறீங்க. மூளைக்குப் பழக ஆறு வாரம் ஆகும் அங்கிள்."

"சரிம்மா" என்றார். அவர் எதையும் இரண்டாம் தடவை கேட்கிறவர் இல்லை.

எட்டாவது வாரம் மகளோடு வந்தார். வரவேற்பில் அக்காவின் குரல் கேட்டது. "என்ன அங்கிள், இண்டைக்கு முகம் வாடிக்கிடக்கு? இந்தக் கதிரையில இருங்கோ." அவர் என்ன பதில் சொன்னார் என்று எனக்குக் கேட்கவில்லை.

உள்ளே வந்ததும் மகள்தான் ஆரம்பித்தார். "அப்பா புரோகிராமுக்கு வரலைன்னு சொல்லிட்டாங்க. சாக்ஸை யாருக்காவது கொடுத்துடலாம்னு சொல்றாங்க. நீங்களாவது கேளுங்க."

"இதுல டாக்டரம்மா கேக்கறதுக்கு என்ன இருக்கு? உதட்டுப் பிடி போயிடுச்சு. வயசானா போகும்."

"எனக்கு ஒண்ணும் தெரியலைப்பா. நல்லாத்தான் இருக்கு."

"நீ என் பொண்ணு. அப்படித்தான் சொல்லுவே."

பிறகு என்னைப் பார்த்து நிதானமாக விளக்கினார். "மிஷினைக் கழட்டிட்டு ஊதினா நடுக்கம் கேக்கல. எல்லாம் கம்பளிக்குள்ள இருந்து வர்ற மாதிரி இருக்கு. மிஷினைப் போட்டா நடுக்கம் தெளிவாக் கேக்குது. அப்போ என்ன அர்த்தம்? நான் எத்தனையோ வருஷமா நடுங்கித்தான் ஊதிட்டு இருந்திருக்கேன். எனக்குத்தான் தெரியல. கேட்டவங்க மரியாதைக்காக வாயை மூடிட்டு இருந்திருக்காங்க."

"ரெக்கார்ட் பண்ணிப் பார்த்தீங்களா?"

"பண்ணினேன். அதுலயும் நடுங்குது."

"அதைக் கேக்கும்போது மிஷின் காதுல இருந்துதா?"

"அது இல்லாம எப்படிக் கேக்கறது?"

அப்போதும் எனக்கு முழுதாக உறைக்கவில்லை. எதற்கும் பார்க்கட்டும் என்று அவர் சட்டைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்த தாள்தான் உறைக்க வைத்தது. ஐந்து கோடு போட்ட இசைத்தாள். ஒரே பகுதியை மூன்று முறை வாசித்து, மூன்றையும் ஒன்றன்கீழ் ஒன்றாகப் பென்சிலில் எழுதியிருந்தார். நடுங்கிய ஸ்வரங்களின் மேல் அலைபோல ஒரு கோடு. எந்த எண்ணிக்கையில் நடுக்கம் தொடங்கியது என்று பக்கத்தில் ஒரு சிறிய இலக்கம்.

எனக்கு இசை எழுத்து தெரியாது. ஆனால் கோளாறுப் பதிவுகளைப் படிக்கத் தெரியும். அந்தத் தாளை அப்படித்தான் படித்தேன். சின்ன ஸ்வரங்களில் அலைக்கோடு இல்லை. கீழ் ஸ்தாயியிலும் இல்லை. மேலே, நீண்ட ஸ்வரங்களில் மட்டும் இருந்தது. அதுவும் மூச்சு தீர்ந்துபோகும் கடைசியில் இல்லை, ஸ்வரம் தொடங்கிய கொஞ்ச நேரத்திலேயே. மூன்று வரியிலும் அதே இடங்கள், அதே இலக்கங்கள். தளர்ந்த உதடு மூன்று முறையும் அச்சாக ஒரே இடத்தில் தப்பு செய்யாது.

அவரைச் சோதனை அறைக்குள் உட்காரவைத்து, ஒலிபெருக்கியில் ஒரு ஒலியை மட்டும் விட்டேன். ஏற்ற இறக்கமே இல்லாமல் ஒரே நேர்க்கோடாக வரும் ஒலி அது.

"எஃப் ஷார்ப். அதுக்கும் கொஞ்சம் மேல நிக்குது" என்றார் உடனே. பிறகு முகம் மாறியது. "நடுங்குதே. யாரு ஊதறது?"

"யாரும் ஊதலை அங்கிள். இது கருவியிலிருந்து வர்றது. இதுக்கு நடுங்கத் தெரியாது."

அவர் எழுந்து போய் ஒலிபெருக்கியின் மேல் கை வைத்துப் பார்த்தார்.

நடந்தது இதுதான். விசிலைத் தடுக்கும் ஏற்பாட்டுக்கு, விசிலும் சாக்ஸபோனின் நீண்ட ஸ்வரமும் ஏறக்குறைய ஒன்று. பேச்சில் அவ்வளவு நேரம் ஒரே உயரத்தில் நிற்கிற சத்தம் கிடையாது. அதனால் யாராவது ஒரு ஸ்வரத்தைப் பிடித்து நிறுத்தினால், அதை விசில் என்று நினைத்து மிஷின் அழிக்கப் பார்க்கும். அந்த இழுபறிதான் நடுக்கமாகக் கேட்டது. இசை வாசிக்கிறவர்களுக்கு அந்த ஏற்பாட்டை அணைத்துத் தனியாக ஒரு அமைப்பு செய்துகொடுக்க வேண்டும். கல்லூரியில் படித்திருக்கிறேன். பொழுதுபோக்கு என்று பதிந்த பிறகு அது என் நினைவுக்கே வரவில்லை.

"அங்கிள், தப்பு உங்களுது இல்லை. என்னுது. மூணாவது வாரமே நான் பார்த்திருக்கணும்."

அவர் பெரிதாகச் சிரித்தார். "அப்போ கையைத் தூக்கு."

"என்ன?"

"அந்தக் காலத்துல அறுபது பேரு ஒரே ரூம்ல உக்காந்து ஒரே டேக்ல வாசிக்கணும். ஒருத்தன் தப்பா வாசிச்சா எல்லாரும் முதல்லேருந்து. யாரு தப்பினதுன்னு தேடிட்டு இருந்தா நேரம் போயிடும். அதனால தப்பினவனே கையைத் தூக்கிடணும். யாரும் திட்டமாட்டாங்க. எனக்கு அதே பழக்கமாயிடுச்சு. எங்கயாவது தப்பாக் கேட்டா, கை முதல்ல போயிடும்."

"இந்தத் தடவை கை தப்பாப் போயிருக்கு" என்றார் மகள்.

நான் கையைத் தூக்கினேன். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் வரவேற்பில் இருந்த அக்கா ஏதோ வேண்டுமாக்கும் என்று எழுந்து வந்துவிட்டார்.

அடுத்த வாரம் சாக்ஸபோனைக் கொண்டுவரச் சொன்னேன். மிஷினில் இரண்டாவதாக ஒரு அமைப்பு செய்தேன். பொத்தானை ஒருமுறை அழுத்தினால் பேச்சு, இன்னொருமுறை அழுத்தினால் இசை. அவர் பொத்தானை அழுத்திவிட்டு, நின்றபடி வாசித்தார். அந்தச் சின்ன அறைக்கு அது மிகப் பெரிய சத்தம். நான் காதடைப்பு போட்டுக்கொண்டு திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். முதல் நீண்ட ஸ்வரம் அசையாமல் நின்றது. இரண்டாவதும் நின்றது. அவர் கண்களை மூடிக்கொண்டார்.

முடிவில் இருந்த ஸ்வரம்தான் எல்லாவற்றிலும் உயரமானது, எட்டு எண்ணிக்கை நீளம். ஆறாவதில் அது நடுங்கியது. காதடைப்பைத் தாண்டி எனக்கே கேட்டது. நான் அவசரமாகத் திரையில் ஒவ்வொரு அமைப்பாகத் தேடினேன். எல்லாம் அணைந்துதான் இருந்தன.

"மிஷினைப் பாக்காதே" என்றார். "இது என்னுது."

மகள் என்னைப் பார்த்தார். அந்த ஸ்வரத்தை மட்டும் அவர் இன்னும் இரண்டு முறை வாசித்தார். ஒருமுறை ஆறாவதில் நடுங்கியது, இன்னொருமுறை ஏழில். வாத்தியத்தை நாற்காலியில் சாய்த்து வைத்துவிட்டு, "ஒரு பென்சில் கொடு" என்றார்.

என் மேஜையில் உட்கார்ந்து, தாளில் அந்தக் கடைசி ஸ்வரத்தை ஐந்தில் வெட்டினார். மிச்ச மூன்றை அடுத்த வரியில், டிரம்பெட்டுக்கு எழுதினார். டிரம்பெட் வாசிப்பவர் சன்ஷைன் பக்கம் ஒரு மருத்துவமனையில் நர்ஸாக இருக்கும் பெண் என்று மகள் சொன்னார்.

"அப்பா, அவங்ககிட்ட என்ன சொல்லட்டும்?"

"வர்றேன்னு சொல்லு. அந்தப் பொண்ணுகிட்ட, நாலாவது எண்ணிக்கையிலேயே மூச்சை எடுத்து வெச்சுக்கச் சொல்லு. நான் விடற இடம் யாருக்கும் தெரியக் கூடாது."